மொட்டை மாடியில் மோக்ரி: முள்ளங்கியைக் காய்க்க விட்ட பருவம்

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

இந்தப் பருவத்தில் முள்ளங்கி போடுவது கிழங்குக்காக இல்லை, காய்க்காக. முள்ளங்கியில் காயா என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் கேட்பார்கள். சென்னை சௌகார்பேட்டையில் ராஜஸ்தான், குஜராத் குடும்பம் எதையாவது கேட்டுப் பாருங்கள், மோக்ரி என்று உடனே சொல்வார்கள். குளிர்காலத்தில் அவர்கள் ஊரில் அது பெரிய விஷயம். காய்க்கென்றே வளர்க்கும் முள்ளங்கி ரகம் அது, கிழங்கு சரியாகப் பருக்காது, காய் மட்டும் பீன்ஸை விட மெலிதாக, நீளமாக வரும்.

விதை பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்தது. ஜோத்பூர் பக்கத்துக்காரர், பழைய வண்ணாரப்பேட்டையிலேயே வளர்ந்தவர், என்னை விட நல்ல மெட்ராஸ் பாஷை பேசுவார். “கிழங்கு வரலன்னு பூ வந்ததும் புடுங்கிப் போட்டுடாதப்பா, அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்குது” என்றார்.

அக்டோபர் நடுவில் கொட்டிய மழை வடிந்து மாடி காய்ந்திருக்கிறது. செடி வளர்க்கும் பைகளில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. அரை அங்குல ஆழத்தில் விதை. கிழங்கு வேண்டாம் என்பதால் ரொம்ப ஆழமான பை தேவையில்லை, ஆனால் செடி இடுப்பளவு உயரும், அதனால் பைக்குப் பை இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

எல்லாம் முளைத்துவிட்டது. முள்ளங்கி விதை நம்மைக் காக்க வைக்காது, மூன்று நாலு நாளில் எட்டிப் பார்க்கும். பைக்கு ஒரு செடி நிறுத்திவிட்டு மீதியைப் பிடுங்கினேன். பிடுங்கிய நாற்று பாசிப்பருப்போடு கீரைக் கடைசலாகிவிட்டது. லேசான காரம், பூண்டு தாளிப்புக்கு அவ்வளவு பொருத்தம்.

தண்ணீர்தான் நம் ஏரியாவில் கவலை. கடல் பக்கத்தில் இருப்பதால் போர் தண்ணீர் உப்பு. முள்ளங்கிக்கு உப்பு ஆகாது, இலை ஓரம் கருகும். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து அதையே ஊற்றுகிறேன், தீர்ந்தால் மெட்ரோ தண்ணீர்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இங்கே நேற்று முழுக்க மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். வெள்ளிக்கிழமையே பைகளை மாடிப்படி ரூமுக்குள் இழுத்து வைத்ததால் ஒரு செடியும் சாயவில்லை. முள்ளங்கி வேர் தண்ணீரில் ஊறினால் அழுகும், பையின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன்னால் குச்சி விட்டுப் பார்த்துவிடுங்கள். மதியம் திரும்ப வெளியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூங்கில் குச்சி கட்டினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பூ! நாலு இதழ், வெள்ளை, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் படர்ந்து, உள்ளே நூல் மாதிரி ஊதா நரம்பு ஓடுகிறது. கிழங்கு முள்ளங்கி வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் செடி போச்சு என்று தூக்கி எறிகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் தாங்காது. கிழங்கு நார் ஆகிவிட்டது, சரி, செடி என்ன தப்பு செய்தது? சாதாரண வெள்ளை முள்ளங்கியையும் பூக்க விட்டால் காய் பிடிக்கும், குட்டையாக இருக்கும், காரம் கொஞ்சம் தூக்கல், ஆனால் அருமையாகத் தின்னலாம்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கொசுத்தேனீ வந்துவிடுகிறது, வெயில் ஏறினால் கொம்புத்தேனீ. அதுங்க வராவிட்டால் காய் இல்லை. முள்ளங்கிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது, இன்னொரு செடியிலிருந்துதான் வர வேண்டும். ஒரே ஒரு செடி வைத்துக்கொண்டு காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நாலைந்து செடியாவது பக்கம் பக்கமாக இருக்கட்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி, வந்துவிட்டது. பூங்கொத்துக்குக் கீழே தண்டு தெரியாத அளவுக்குச் சாம்பல் பச்சையில் அப்பிக்கொண்டிருக்கிறது, எறும்பு வரிசை கட்டி மேலே ஏறுகிறது. உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலை போல ஒன்று ஊர்கிறது, அதைக் கொன்றுவிடாதீர்கள், பொறிவண்டின் குஞ்சுப் புழு. ஒவ்வொரு அசுவினியாகப் பிடித்துத் தின்னும். அது இருக்கும் கொத்தை அப்படியே விட்டேன். மற்றவற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சாயங்காலம் தேனீ போன பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், பூவில் படாமல் தண்டுக்கு மட்டும் அடித்தேன்.

ஊட்டத்துக்கு மீன் அமிலம். காசிமேட்டில் மீன் வெட்டுமிடத்தில் கழிவு கேட்டால் கொடுக்கிறார்கள், அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் தயார். தண்ணீரில் நன்றாகக் கலந்து வேருக்குக் கொஞ்சமாக ஊற்றணும். அள்ளி ஊற்றினால் இலைதான் கொழுக்கும்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காய் காய் காய். பென்சிலை விட ஒல்லியாக இருக்கும்போதே பறிக்கணும். ஒடித்தால் டக்கென்று சத்தம் வரணும், வளைந்தால் நார் பிடித்துவிட்டது, அதை விதைக்கு விட்டுவிடலாம். பறிக்கப் பறிக்கப் பூ வந்துகொண்டே இருக்கும். பச்சையாகக் கடித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் காரம் மூக்கில் ஏறும்.

ஆன்ட்டி வீட்டில் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு சேர்த்தார், கடைசி ஐந்து நிமிஷத்தில் போட்டால் போதும் என்று அவர் சொன்னது ரொம்பச் சரி, காய் குழையாமல் புளியை மட்டும் குடித்திருந்தது.

பெர்த்தில் இருக்கும் சித்தி மகனுக்குப் படம் அனுப்பினேன். இதே பூ அங்கே கோதுமை வயல் முழுக்க இருக்குமாம், மஞ்சளும் வெள்ளையுமாக. அது காட்டு முள்ளங்கி, நம் முள்ளங்கியின் சொந்தக்காரன். மேற்கு ஆஸ்திரேலியாவில் அது பெரிய களைகளில் ஒன்று, பல களைக்கொல்லிகளுக்கு இப்போது சாவதே இல்லை. காயில் வித்தியாசம் தெரியும்: காட்டு ரகத்தின் காய் விதைக்கு விதை இடுப்பு சிறுத்து மணி கோத்தது மாதிரி இருக்கும், காய்ந்ததும் துண்டு துண்டாக உடைந்து மண்ணில் விழும். நம்முடையது உடையாது. இரண்டும் பக்கத்தில் பூத்தால் கலந்தும்விடும், கலிஃபோர்னியாவில் காடாக மண்டியிருப்பது அப்படிக் கலந்து பிறந்த வகைதான். அதனால் காட்டு விதையை யாரும் வெளிநாட்டிலிருந்து ஆசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலை புகையும் பனியும். டயர் எரிக்காதீர்கள் என்று எத்தனை வருஷம் சொன்னாலும் எங்கேயோ எரிகிறது. இலையெல்லாம் கரித்தூள், தேனீ ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு இலையாகக் கழுவினேன். 2011-இல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை இந்தப் பக்கத்து மாடிகளில் தினமுமே கரி படியும். அந்த நிலைமை தொடர்ந்திருந்தால் மாடியில் காய்கறி என்ற பேச்சே வந்திருக்காது.

நாளைக்குப் பொங்கல் குழம்பில் மொச்சை, பூசணி, வள்ளிக்கிழங்கோடு மோக்ரியும் உண்டு.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது, புதுப் பூ நின்றுவிட்டது. விதைக்கு விட்ட செடிகளில் காய் வைக்கோல் நிறத்துக்கு வந்தாயிற்று. அறுத்துக் காயவைத்து, தானாக வெடிக்காது என்பதால் துணியில் கட்டிப் பூரிக்கட்டையால் தட்டி, முறத்தில் புடைத்தேன். விதை சிவந்த பழுப்பு, கடுகை விடப் பெரிசு. நிழலில் இன்னும் இரண்டு நாள் காய்ந்ததும் வேப்பிலையோடு பாட்டிலில் போட்டு வைப்பேன். பாதி ஆன்ட்டிக்கு. வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன், ஆனால் இப்போதே விதைக்காதீர்கள், புரட்டாசி கழியட்டும்.