ஆப்பிள் முற்றுகை

மாமனார் கால் எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து வீட்டுக்கு ஆப்பிள் வந்துகொண்டே இருந்தது. நலம் விசாரிக்க வருகிற எல்லோர் கண்ணிலும் அது ஒன்றுதான் படும் போலிருக்கிறது. மாமாவுக்கோ பல்செட். ஆள் கிளம்பியதும், ஏதோ கோர்ட் நோட்டீஸ் வந்த மாதிரி பையைத் தள்ளி, "இதையும் உள்ளே வைம்மா" என்பார்.

ஜூஸ் போட்டாயிற்று, கேக்கிலும் போட்டாயிற்று. ஆப்பிள் என்றாலே மகள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 2022-இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் என்று ஐ.நா. அறிக்கையைக் கணவர் போனில் பார்த்து உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு, வெட்டச் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார்.

சரி, சட்னி போடலாம் என்று முடிவெடுத்தேன். அரைக்கிற சட்னி இல்லை. வினிகர், சர்க்கரை, வெங்காயம், உலர்திராட்சை, இஞ்சி, மிளகாய் சேர்த்துக் கொதிக்கவிட்டு பாட்டிலில் அடைக்கிற ரகம். இதில் எனக்குப் பிடித்தது, பழத்தின் அழகை யாரும் கேட்பதில்லை. அடிபட்டது, தோல் சுருங்கியது எல்லாம் போகலாம். அழுகியதும் பூஞ்சை பிடித்ததும் மட்டும் கூடாது. அந்த நச்சு அழுகின இடத்தைத் தாண்டியும் பரவியிருக்கும், கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது.

அலுமினியப் பாத்திரம் வினிகருக்கு ஆகாது என்பதால் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தை ஏற்றினேன். கொதி வந்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு ஆவி! கண்ணைத் திறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து மாமா, "யாரும்மா பெயின்ட் அடிக்கிறது?" என்றார். அந்த நேரம் பார்த்து நலம் விசாரிக்க ஒருவர் வந்தார். இருமினார், மூக்கைப் பொத்தினார், உட்காராமலே விடைபெற்றார். பையை மட்டும் மறக்காமல் வைத்துவிட்டுப் போனார். ஆப்பிள்தான்.

கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், தண்ணீர் ஓடிவந்து அதை உடனே மூடக் கூடாது. அதுதான் பதம். அது வருவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவ்வளவு பழமும் சுண்டிச் சுண்டி, வெந்நீரில் கொதிக்கவைத்த சில பாட்டில்களுக்குள் அடங்கியது. சூடாக ஊற்றி மூடி, 'ஒரு மாதத்துக்குத் திறக்கக் கூடாது' என்று லேபிள் ஒட்டினேன். வினிகரின் காரம் அடங்கினால்தான் ருசி.

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று ராத்திரி சமையலறைப் பக்கம் வாக்கர் நகரும் சத்தம். அப்புறம் ஸ்பூன் சத்தம். அதற்கப்புறம் நல்ல இருமல்.

காலையில் பார்த்தால் ஒரு பாட்டில் கழுத்துவரை காலி.

"மாமா, நேத்து ராத்திரி..."

"மருந்து சாப்பிட்டேம்மா," என்றார். "டாக்டர் கொடுத்ததைவிட இது பரவாயில்லை. அடுத்த தடவை கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் போடு."