74, 82, 88: எம்ஜிபிக்கு எந்தத் தெர்மோஸ்டாட்?

கோடையில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் பட்டறைக்கு வரும் முதல் கோரிக்கை, "74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டுவிடுங்கள்" என்பதுதான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்த வண்டியின் 1798 சிசி இன்ஜினுக்கு மூன்று வகை உண்டு: வெயில் நாடுகளுக்கு 74, பொதுவாக 82, கடுங்குளிருக்கு 88. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு; அது திறக்கத் தொடங்கும் சூடுதான் அந்த எண். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும். அதற்குமேல் தெர்மோஸ்டாட்டுக்கு வேலையே கிடையாது. 82 போட்ட வண்டி நெரிசலில் 105ஐத் தொடுகிறதென்றால் வால்வு எப்போதோ முழுக்கத் திறந்தாயிற்று. 74 போட்டாலும் முள் அதே இடத்துக்குத்தான் போகும், கொஞ்சம் தாமதமாக.

அதனால் பார்க்க வேண்டியது வேறு. நின்றால் சூடேறி ஓடினால் தணிகிறதா? ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்கள். வேகத்தில் ஏறுகிறதா? ரேடியேட்டருக்குள் துரு அடைத்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் தளர்ந்து பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போகும். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் இன்ஜின் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி தூக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அதை விட்டுக்கொடுத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் சூடேறவே நேரமெடுக்கும். பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும், ஆயில் மூடிக்கடியில் வெள்ளைக் கசடு சேரும். பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாமல் நீர் பம்புக்கே திரும்பும் குறுக்குவழி) உள்ள இன்ஜின்களில் இன்னும் மோசம். இ-டைப்பில் இருக்கும் ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில், சூடானதும் பைபாஸ் துளையை மூடுவது தெர்மோஸ்டாட்டோடு நகரும் வளையம். எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏவிலும் அப்படித்தான். வளையமில்லாத மாற்றுப் பொருளைப் போட்டால் சூடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பிவிடும். விட்டம் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எம்ஜிபியில் இந்த பைபாஸ் ஹோஸ் இல்லை. ஹீட்டர் வால்வும் மூடியிருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கும்வரை நீர் ஓட வழியே இல்லை. ஆகவே தட்டில் சிறு துளையும் ஆடும் பின்னும் உள்ளதை வாங்குவோம். இல்லாவிட்டால் 3 மி.மீ. துளை ஒன்று போடுவோம். நிரப்பும்போது காற்றும் அதன் வழியே வெளியேறும்.

புதிதாயிருந்தாலும் பொருத்துமுன் சோதிப்பது நல்லது. வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. பக்கத்தில் தெர்மாமீட்டர். மெதுவாகச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே இருங்கள். வால்வு வாய் திறந்த கணம் நூல் நழுவி அது விழும். அப்போதைய அளவுதான் உண்மையான எண். மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும் வகையில், மெழுகு கசிந்தால் ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்துவிடும். துருத்தி போல் மடிந்து விரியும் பழைய பெல்லோஸ் வகை பழுதானால் பெரும்பாலும் திறந்தே நிற்கும்.

கழற்றுவதில்தான் உண்மையான தொல்லை. மூன்று நட்டுகளுக்கும் அரை அங்குல ஸ்பானர் போதும். ஆனால் அலுமினியக் குழாய்மூடி இரும்பு ஸ்டட்டோடு (நட்டு ஏறும் திருகுக் கம்பி) அரித்துப் பிடித்திருக்கும். நெம்பினால் ஸ்டட் சிலிண்டர் ஹெட்டிலேயே முறியும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, மூடியைச் சூடாக்கி, மரச்சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் வடித்தால் போதும். மெழுகுக் குமிழ் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். புது கேஸ்கெட் வைத்து, ஸ்டட்டில் செம்புக் கிரீஸ் தடவி, நட்டுகளை 8 பவுண்டு-அடி மட்டும் முடுக்குங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிரப்புங்கள்.

எங்கள் தேர்வு வருடம் முழுவதும் 82தான். குளிர்காலத்திலும் ஓட்டுபவர், ஹீட்டர் சூடாக வர வேண்டுமென்றால், 88 போடலாம். எலக்ட்ரிக் கேஜ் உள்ள பிந்தைய வண்டிகளில் ஏமாந்துபோக வேறொரு காரணம் இருக்கிறது: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே உயர்ந்து நின்றால், இரண்டுக்கும் மின்சாரம் தரும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் கெட்டிருக்கும், இன்ஜினைத் தொடவே வேண்டாம்.