கத்திரி வெயிலில் புழுப் பெட்டிகள்

மே 4
கத்திரி தொடங்கிவிட்டது. மாடி அறையில் மதியம் 38 டிகிரி. மீல்வார்முக்கு (தவிட்டில் வளர்ந்து பிறகு வண்டாகும் புழு) 25 முதல் 28 வரை இருந்தால் சுகம், 35 தாண்டினால் ஆபத்து. பெட்டிகளை இறக்கிக் கூடத்துத் தரையில் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் பாயை மட்டும் எதிர் மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மே 5
அப்பாவின் ரிப்போர்ட் நாளை வருமாம்.

மே 6
வரவில்லை.

மே 8
தூக்கம் வரவில்லை. செடிக்கு உரமாகப் புழு எச்சம் எடுக்க ராத்திரி உட்கார்ந்து சலித்தேன். ரவை சல்லடையில் எச்சம் மட்டும் இறங்கிவிடும், புழுவும் மிச்சத் தவிடும் மேலே நிற்கும். நல்ல காய்ந்த எச்சம் ஆற்று மணல் மாதிரி விரலிடுக்கில் ஒழுகுகிறது, வாடையே இல்லை. புழு உரித்த தோலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இருக்கட்டும். அந்தத் தோலில் கைட்டின் இருக்கிறது, பூச்சித் தோலுக்கு உறுதி தரும் பொருள். வேரடியில் அது பட்டால், பூச்சி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு செடி தற்காப்பில் இறங்குமாம். எனக்கு இதை நினைக்க நினைக்கப் பிடிக்கிறது. தொட்டிக்கு ஒரு சின்னப் பிடி போதும். தழைச்சத்து அதிகம், அள்ளிப் போட்டால் நாற்று கருகிவிடும்.

வண்டுப் பெட்டியை மட்டும் தொடவில்லை. தவிடு ஒட்டிய முட்டை கண்ணுக்கே தெரியாது, எச்சத்தோடு போய்விடும்.

மே 9
போனில் அப்பா முதலில் கேட்டது, "புழுவுக்குக் கேரட் போட்டியாம்மா?" குரல் ரொம்ப மெலிந்திருக்கிறது.

மே 11
இரண்டாம் பெட்டியில் மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை. அடித்தவிடு நமுத்துக் கிடந்தது. இப்படியே விட்டால் சிலந்திப்பேன் மாதிரி பொடிப் பூச்சி மொய்த்துவிடும். முழுக்கக் கொட்டிப் புதுக் கோதுமைத் தவிடு மாற்றினேன். டாக்டர் விடுப்பாம்.

மே 13
மதியம் கரண்ட் போனது. பெட்டிகளைச் சுற்றி வெளியே மட்டும் ஈரத்துணி கட்டினேன், உள்ளே ஈரம் இறங்கினால் பூஞ்சைதான். மணிக்கொரு முறை தெர்மாமீட்டர் பார்த்தேன். 33. 34. 34. ஃப்ரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி அடங்கி வாரக்கணக்கில் தாங்கும். அம்மாவிடம் எப்படிக் கேட்பது? கூட்டுப்புழுக்களைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன். கூடவே விட்டால் மற்றப் புழுக்கள் கடித்துவிடும், அவற்றால் ஓட முடியாது. எனக்கு ஏனோ அழுகை வந்தது. கரண்ட் ஆறு மணிக்கு வந்தது.

மே 14
அம்மாவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாள். பெரிய புழுக்களை அங்கே வைத்தேன்.

மே 16
தக்காளிப் பூ உதிர்கிறது. எச்சம் போட்ட தொட்டியிலும்தான். இந்த வெயிலுக்கு எந்த உரம் என்ன செய்யும்? ஆனால் மிளகாய்க் கொழுந்து பளபளவென்று இருக்கிறது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.

மே 17
பார்த்துவிட்டார்.

மே 19
ரிப்போர்ட் வந்தது. 22-ஆம் தேதி ஆபரேஷன். அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், அண்ணன் இங்கே வருகிறான். அவனுக்கு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்: கேரட்டைத் துடைத்துப் போடு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடு. வண்டுப் பெட்டியைச் சலிக்காதே. கூட்டுப்புழு டப்பாவில் வெள்ளையாக வண்டு வெளியே வந்தால் பயப்படாதே, சில நாளில் கறுத்துவிடும். கரண்ட் போனால் ஈரத்துணி வெளியே மட்டும்.