"இன்னும் ரெண்டு வாரம் இருக்கலாமே"

மேனேஜர் அந்தக் கேள்வியை மீட்டிங்கில் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது. சியாட்டில் லேக் யூனியனில் படகு வாடகைக்கு எடுத்து டீமாகப் போன புதன்கிழமை மாலை, கையில் பேப்பர் தட்டோடு, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கலாமே, சாஃப்ட்வேர் ரிலீஸையும் பார்த்துட்டுப் போகலாம்" என்று இன்டர்னிடம் சொல்லியிருக்கிறார். அவனும் "ஷ்யூர்" என்றிருக்கிறான். மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, "சொன்னது சரிதானேக்கா?" என்றான்.

"முடியாதுன்னு சொல்லிடு. இன்னிக்கே சொல்லிடு" என்றேன்.

நாள் கணக்கைப் பார்த்துச் சொன்ன பதில் அது. செமஸ்டர் முறையில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான், எஃப்-1 என்ற மாணவர் விசா. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் சிபிடி, அதாவது படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி, இருக்கிறது: கம்பெனி பெயர், முழுநேரம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகஸ்ட் 15. அதற்கு மேல் ஒரு நாள் உழைத்தாலும் அனுமதியில்லாத வேலை. "காலேஜ் ஊருக்குப் போய் ரூமிலிருந்து முடிச்சுக் கொடு" என்று யாராவது நல்லெண்ணத்தில் சொன்னாலும் அதே கதிதான். பின்னால் படிப்பு முடிந்து வேலை செய்ய ஓபிடி அனுமதி, ஹெச்-1பி விசா என்று போகும்போது பழைய சிபிடி தாள்களைக் கேட்டுக் குடியேற்றத் துறையிலிருந்து கடிதம் வருவதுண்டு. அப்போது அந்த மேனேஜர் எந்தக் கம்பெனியில் இருப்பாரோ.

நீட்டிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கம்பெனி புதிய முடிவு நாளோடு கடிதம் தர வேண்டும். துறை ஆலோசகர் ஒப்ப வேண்டும். பல்கலைக்கழகத்தில் மாணவர் விசா விவகாரங்களைப் பார்க்கும் டிஎஸ்ஓ, அரசின் மாணவர் பதிவேடான சீவிஸில் தேதியை மாற்றிப் புது ஐ-20 கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து ஹெச்ஆர், வேலை செய்யும் தகுதியைக் குறிக்கும் ஐ-9 பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் பழைய தேதி முடிவதற்குள் நடக்க வேண்டும். அவன் பல்கலைக்கழகம் இதற்குக் கேட்பது ஐந்து முதல் பத்து வேலை நாள். கையில் இருந்ததோ அன்றையும் சேர்த்து ஏழு. ஹெச்ஆர் கடிதத்துக்கே இரண்டு மூன்று நாள் போய்விடும்.

ஆகஸ்ட் 25 வகுப்பு தொடக்கம். ஆகவே இரண்டாவது வாரம் அடுத்த செமஸ்டரில் விழுகிறது. கோடைக்கால அனுமதி அங்கே செல்லாது. புதிதாக வாங்கினாலும் முழுப் பாடச்சுமையோடு இன்னொரு நகரத்தில் முழுநேர வேலை என்பதை ஆலோசகர்கள் பெரும்பாலும் ஒப்ப மாட்டார்கள். வாரம் 20 மணிக்குள் பகுதிநேரம் என்றால் யோசிப்பார்கள். எங்கள் சம்பளப் பட்டியலில் பகுதிநேர இன்டர்ன் என்ற வகையே கிடையாது.

இரண்டு வாரம் முடியாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாரம்? அங்கேதான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். "ஒரு வாரத்துக்கு முயற்சி பண்றேன், பல்கலைக்கழகம் என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்" என்று மேனேஜரிடம் சொல்ல வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கடைசி வாரம் முழுக்க ஃபைனல் பிரசன்டேஷனை விட்டுவிட்டுத் தாள்களின் பின்னால் ஓடியிருப்பான். அவனைப் பற்றி டீம் ஃபீட்பேக் எழுதுவதும் அந்த நாட்களில்தான்.

அவன் அசட்டையான பையன் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் சம்பளச் சீட்டிலேயே 6.2 சதவீத சோஷியல் செக்யூரிட்டி வரியும் 1.45 சதவீத மெடிகேர் வரியும் பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து, எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அது கிடையாது என்று பேரோலுக்கு எழுதித் திரும்ப வாங்கியவன். தேதியை முன்கூட்டி யோசிக்க அவனுக்கு நேரம் எங்கே இருந்தது? புதன் அவுட்டிங், வியாழன் வாலிபால், வெள்ளி கேப்பிட்டல் ஹில் பக்கத்து பார்கள், சனி விடியற்காலையில் மவுன்ட் சை மலையேற்றம். போக வர 8 மைல், 3,000 அடிக்கு மேல் ஏற்றம், பார்க்கிங் நிரம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ளவும் தாள் வேண்டும். வாஷிங்டன் மாநில பார்களில் இந்திய லைசென்ஸ் எடுபடாது. பாஸ்போர்ட்டை இரவில் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, படிக்கும் மாநிலத்திலேயே ஐடி கார்டு எடுத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் குறைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி வந்ததே படகில்தானே. அங்கே போகாதவனிடம் யாரும் இரு என்று கேட்டிருக்கவே மாட்டார்கள்.

ரிலீஸ் தள்ளிப்போனதற்கும் அவன் காரணமில்லை. முதல் இரண்டு வாரம் அக்சஸ் வாங்குவதிலும் லேப்டாப்பில் பில்ட் ஓட வைப்பதிலுமே போனது. பிறகு 1,200 வரி புரோகிராமை, டீமில் ஒருவர் சரிபார்த்துச் சேர்ப்பதற்காக, ஒரே பிஆராகப் போட்டான், யாரும் திறக்கவில்லை. 250 வரியாக உடைத்துப் போட்டபின் நகர்ந்தது. அதற்குள் ஜூலை கடைசி. ரிவ்யூ செய்ய வேண்டியவர் விடுமுறையில். பத்தாவது வாரத்துக்குள் மெர்ஜ் ஆகாத, அதாவது டீமின் புரோகிராமில் சேராத, இன்டர்ன் வேலை பெரும்பாலும் வேறொருவர் தலையில்தான் விழும். மேனேஜர் சொன்ன இரண்டு வாரம் அந்த இடைவெளியை அடைக்கத்தான் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, பையனை நிஜமாகவே பிடித்துப்போய்க் கேட்டார் என்று மறுநாள் தோன்றும்.

செப்டம்பரில் அவனுக்கு வேலை ஆஃபர் வந்தது, வேறு டீமிலிருந்து. அந்த மேனேஜர் டீமில் இடமே ஒதுக்கவில்லையாம். என் பதில் சரி என்பதற்கும் இது சாட்சியில்லை, தவறு என்பதற்கும் இல்லை.

இப்போது வரும் பிள்ளைகளிடம் எட்டாவது வாரமே டிஎஸ்ஓவுக்கு எழுதச் சொல்கிறேன்: அதிகபட்சம் எந்தத் தேதி வரை நீட்டிக்கலாம், கம்பெனிக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், எத்தனை வேலை நாள் ஆகும். முடியாதுன்னு சொல்லிடு என்று சொன்னவளே நீட்டிப்புக்கு வழி கேட்டு வைக்கச் சொல்கிறாள். நான் அன்று சொன்னது சரியா என்று அவனிடமே ஒருமுறை கேட்டேன். "அந்த ஒரு வாரம் கிடைச்சிருந்தா ரெய்னியர் மலைக்குப் போயிருப்பேன்க்கா" என்றான். ரிலீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.