சாம்பல் காலக் குறிப்புகள்

ஏப்ரல் 9

மழை வரும்போல இருக்கிறது என்றார் அப்பா. கூரையில் நாலு விரல் உயரத்துக்கு எரிமலைச் சாம்பல். நனைந்தால் எடை எகிறிவிடும். 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது புயல்மழையும் சேர்ந்துகொண்டது. ஊறிய சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்தே பலர் இறந்தார்கள். என் வீட்டுக்காரரும் பெரியவளும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஏறி வழித்துத் தள்ளினார்கள். அடுப்புச் சாம்பல் இல்லையே இது, பொடிந்த பாறையும் கண்ணாடியும். கசக்காதே என்றால் கை கண்ணுக்குத்தான் போகிறது.

ஏப்ரல் 12

தண்ணீரைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, கொதிக்கவைக்கிறோம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், விறகு மிச்சம். பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைக்கலாமே என்றான் சின்னவன். வெயில் எங்கே?

ஏப்ரல் 20

இன்று பெரிய சண்டை. கூரை ஏறுகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதல் என்று நான்தான் வைத்திருந்தேன். "அப்போ தாத்தா வேலை செய்யலையா? ராத்திரியெல்லாம் ரேடியோவை யார் கேட்கிறது?" என்றாள் பெரியவள். தனக்குக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அப்பா ஆரம்பித்ததும் அவளுக்கு இன்னும் கோபம். கடைசியில் அவள் சொன்னதுதான் சட்டம்: பங்கு வைக்கிறவர் கடைசியாகத் தட்டை எடுக்கணும். அன்றிரவு எல்லாத் தட்டும் ஒரே அளவில் இருந்தன. வைத்தது நான்தான்.

மே 2

சாம்பல் விழுவது நின்றுவிட்டது, குளிர் நிற்கவில்லை. மேலே போன கந்தக வாயு மெல்லிய திரையாக மாறி வெயிலை மறைக்கிறது. மழை அந்த உயரத்தை எட்டாது, கழுவிவிடவும் முடியாது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வராமல் விளைச்சல் பொய்த்தது. அதனால் மூட்டையில் இருக்கும் உருளைக்கிழங்கைத் தின்பதா, நடுவதா? தின்போம் என்கிறார் வீட்டுக்காரர்: குழந்தைகள் இளைத்துவிட்டார்கள், பனி விழுந்தால் நட்டதும் போச்சு. அவர் சொல்வதிலும் தப்பில்லை. அப்பா ஒரு வழி சொன்னார்: முளைக்கண் உள்ள பக்கத்தைத் தடிமனாக வெட்டி நடுவது, மீதியைச் சமைப்பது. முழுக் கிழங்கு போல வீரியமாக வராது. ஆனாலும் சரி என்றோம்.

மே 6

சாம்பலை ஒதுக்கி, அடிமண்ணைப் புரட்டி நட்டாயிற்று. பனி விழுந்தால் மூடுவதற்கு ஒரு போர்வை வேண்டும். யாருடைய போர்வை என்பது நாளைக்குச் சண்டை.