யார் சொன்னது?

ஒரு மென்பொருளுக்கான தேவைகளைத் திரட்டி ஆவணமாக்கும்போது, ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண், விளக்கம், முன்னுரிமை, அதைச் சோதிக்கப்போகும் டெஸ்ட் கேஸின் எண் என்று டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்னும் அட்டவணையில் பிசினஸ் அனலிஸ்ட்களான நாங்கள் நிரப்பிக்கொண்டே போவோம். அதில் ‘சோர்ஸ்’ என்றொரு கட்டமும் உண்டு. அந்தத் தேவையை எந்த ஸ்டேக்ஹோல்டர் (திட்டத்தோடு தொடர்புடையவர்), எந்தக் கூட்டத்தில் கேட்டார் என்பதை அங்கே எழுத வேண்டும். பெரும்பாலும் யோசிக்காமலே நிரப்பிவிடக்கூடிய கட்டம்தான். ஆனால் ஒரு தனியார் மருத்துவமனையின் உள்நோயாளி மருந்தகத்துக்காக எழுதிய ஆவணத்தில் அந்த ஒரு கட்டத்தை நான் நிரப்பிய விதம் சரிதானா என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

வொர்க்ஷாப்பில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. நிர்வாக மேலாளர், பில்லிங் பொறுப்பாளர், மருந்தகப் பொறுப்பாளர் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: நோயாளியின் முன்பணம் தீர்ந்துவிட்டால் வார்டிலிருந்து வரும் இண்டென்டை, அதாவது மருந்துக் கோரிக்கையை, சிஸ்டம் நிறுத்திவிட வேண்டும், பில் எண் இல்லாமல் ஓர் ஊசிகூட கவுன்ட்டரைத் தாண்டக் கூடாது. பழைய மென்பொருள் எச்சரிக்கை மட்டுமே காட்டும். புதியதில் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் மருந்து இருப்பிலிருந்து கழியும், பில் இல்லாமல் ஸ்கேன் செய்யவே முடியாது என்று ஏற்பாடு. இதை ஒரு பிசினஸ் ரூலாகக் குறித்துக்கொண்டேன். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. இரவுப் பணியில் இருப்பவர்கள் பகல் கூட்டத்துக்கு வருவதில்லை.

அதனால்தான் இரவில் போய்ப் பார்க்க விரும்பினேன். பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு போனேன், எவரும் தடுக்கவில்லை. அங்கே பணியில் இருந்த மூத்த மருந்தாளுநர் முதலில் அதிகம் பேசவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் வேகமாக வந்து நின்றபோது, அவர் திரையைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மருந்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கங்கள். படுக்கை எண், மருந்து, நேரம், வாங்கியவரின் இனிஷியல், கடைசியாக ஒரு காலிக் கட்டம். அன்றைய வரியில் மெரோபெனம் ஒரு கிராம் என்று எழுதினார்; கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அது. முந்தைய பக்கங்களில் அந்தக் கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் டிக் இருந்தது. காலையில் உறவினர்கள் பணம் கட்டி, பில் போட்ட பிறகு அடிக்கும் டிக் அது.

“அட்வான்ஸ் தீந்துபோச்சுன்னு சிஸ்டம் சொல்லும். சிஸ்டர் ஓடி வந்து நிப்பாங்க. குடுக்காம என்ன தம்பி பண்றது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “புது சிஸ்டத்துல இதுக்கு ஒரு வழி வச்சிடுங்க. ஆனா நான் சொன்னேன்னு எங்கயும் வரக் கூடாது” என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பிசினஸ் அனலிஸ்ட்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஐ.பி.ஏ. 2015-இல் வெளியிட்ட, பாபோக் என்னும் எங்கள் தொழில் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, திரட்டிய தகவலை ‘உறுதிசெய்யப்படாதது’, ‘உறுதிசெய்யப்பட்டது’ என்று இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒருவர் சொன்னதை அவரிடமோ வேறு ஆதாரத்தோடோ ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அது அடுத்த வேலைக்குப் பயன்படும் தகவலாகிறது. சொன்னவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்னும்போது எதை வைத்து, யார் முன்னால் உறுதிசெய்வது? அதே கையேட்டில் திரட்டும் முறைகளில் ஒன்றாகக் கவனிப்பும் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் செவிலியர் வந்ததும், மருந்து போனதும், நோட்டில் வரி ஏறியதும் எனக்குத் தெரிந்திருக்கும். ஆகவே, “உயிர்காக்கும் அவசரத்தில், பணி மருத்துவரின் ஒப்புதலோடு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள மருந்துகளைப் பில்லுக்கு முன்பே வழங்கவும், அடுத்த ஷிஃப்டுக்குள் பில்லோடு நேர்செய்யவும் வழி இருக்க வேண்டும்” என்று தேவையை எழுதி, சோர்ஸ் கட்டத்தில் “இரவுப் பணிக் கவனிப்பு” என்று போட்டேன். முன்னுரிமை ‘மஸ்ட்’, அதாவது கட்டாயம் வேண்டியது.

ஆவணத்துக்கு ஒப்புதல் தரும் சைன் ஆஃப் கூட்டத்தில் நிர்வாக மேலாளர் அந்த வரியில் பேனாவை வைத்தார்.

“இது யார் சொன்னது?”

“நைட்ல நடக்கறதப் பார்த்து எழுதினது சார்.”

“எந்த நைட்? யார் டூட்டி?”

“அது இந்தத் தேவைக்கு அவசியமில்ல சார். எந்த நைட்டா இருந்தாலும் அவசரம் வரத்தானே செய்யும்.”

அவர் மருந்தகப் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர், “எங்க ப்ராசஸ்ல அப்படி ஒண்ணு இல்ல சார்” என்றார். “யாரும் கேக்காத ஒண்ண மஸ்ட்ல போட முடியாது” என்று மேலாளர் முடித்தார். தேவை அடுத்த படியான ‘ஷுட்’டுக்கு இறங்கியது. நாள் நெருக்கியபோது இரண்டாம் ரிலீஸுக்குத் தள்ளப்பட்டது.

இந்தச் சில வரிப் பேச்சைத்தான் எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பெயரைச் சொல்லியிருந்தால், விதியை மீறி மருந்து கொடுத்த ஊழியர் என்றுதான் அவர் அந்த அறையில் அறியப்பட்டிருப்பார். பதவியை மட்டும் எழுதுவது வழக்கமான பாதுகாப்பு என்பார்கள். ஒரு ஷிஃப்டுக்கு ஒருவரே இருக்கும் இடத்தில் பதவியைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். நாளைக் கேட்டதும் அதற்காகத்தான். டியூட்டி ரோஸ்டரைப் புரட்டினால் போதும். ஆகவே நான் சொல்ல மறுத்தது சரி என்றே தோன்றுகிறது.

மேலாளரையும் குறைசொல்ல முடியவில்லை. மருந்து விதிகளின் அட்டவணை எச்1, 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள மருந்துகளை வழங்கும்போதே, எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மெரோபெனம் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவர் பெயரோ பேட்ச் எண்ணோ இல்லாத ஒரு நோட்டைப் பார்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். யார், எப்போது என்று அவர் கேட்டதில் பழிவாங்கும் எண்ணம் மட்டுமே இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் வேறொன்று உறுத்துகிறது. சோர்ஸ் கட்டம் தணிக்கைக்காக இருப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். டை கிளெக் என்பவர் 1994-இல் ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (முக்கியம்), குட் (முடிந்தால்), வோன்ட் (இப்போதைக்கு இல்லை) என்ற பிரிப்பு காகிதத்தில் முன்னுரிமைப் பட்டியல்தான். கூட்டத்தில் அது பேரம். அன்று ‘மஸ்ட்’டில் நின்ற ஒவ்வொரு தேவைக்கும் அந்த அறையில் ஒருவர் இருந்தார், அதில் கைவைத்தபோது குரல் கொடுத்தார். பில்லிங் அறிக்கையின் நிற வேறுபாட்டுக்குக்கூட ஒருவர் வாதாடினார். நான் எழுதிய தேவைக்கு மட்டும் ஆள் இல்லை. அனலிஸ்ட் அதற்காக வாதாடலாம், நானும் வாதாடினேன். ஆனால் அது என் தேவை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரைக் காப்பாற்ற அவர் பெயரை நீக்கியபோது, அவர் கேட்டதைக் கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் என்னிடம் கேட்டது இரண்டு. ஒன்றைக் கொடுத்ததாலேயே மற்றது கைநழுவியது.

நழுவியது அது மட்டுமில்லை. பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் நாளுக்கென்று தனியாக எழுதும் தேவைகள் உண்டு: எந்தத் தரவு மாற வேண்டும், யாருக்குப் பயிற்சி, பாதியில் நிற்கும் கணக்குகளை என்ன செய்வது. நோட்டில் சிவப்பு டிக் விழாத வரிகள் அன்றைக்கும் இருக்கும். மருந்து போய்விட்டது, பில் இல்லை, புதிய மென்பொருளின் தொடக்க இருப்பில் அவை இருப்பதாகவே காட்டும். இதை நான் அறிந்திருந்தும் எழுத வழியில்லை. ஆவணத்தின்படி அப்படி ஒரு நோட்டே கிடையாது.

முதல் ரிலீஸுக்குப் பிறகு இரவில் இண்டென்ட் நின்றால் பணி மருத்துவர் பில்லிங் பொறுப்பாளரை வீட்டில் எழுப்பி, தடையைத் தாண்ட அனுமதிக்கும் ஓவர்ரைடு வாங்கினார். சில மருந்துகளை வார்டிலேயே கூடுதலாக வைத்துச் சமாளித்தார்கள். இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த மருந்தாளுநரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசியபோது, “நோட்டு இன்னும் இருக்கு தம்பி” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எங்கள் குழுவின் மூத்த அனலிஸ்ட் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஐசியூ டாக்டர்கிட்ட முதல்ல போயிருக்கணும். அவர் தன்னோட தேவையா கேட்டிருந்தா யாரும் மறுத்திருக்க மாட்டாங்க” என்றார். கேட்கும்போது அது எளிதாகத்தான் இருந்தது. தேவையை ஏற்று நிற்கக்கூடிய அதிகாரம் உள்ளவரைக் கூட்டத்துக்கு முன்பே கண்டுபிடிப்பது நம் வேலையின் ஒரு பகுதி என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மருத்துவரிடம் போய் நிற்கும்போது, இது உனக்கு எப்படித் தெரியும் என்று அவரும் முதலில் கேட்டிருப்பார். அவர் உத்தரவின்பேரில்தான் செவிலியர் ஓடி வருகிறார் என்றாலும், கவுன்ட்டருக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரா என்று வெளியிலிருந்து வந்த நான் எதை வைத்துக் கணித்திருக்க முடியும்?

இரண்டாம் ரிலீஸில் அந்தத் தேவை ஏறக்குறைய நான் எழுதிய சொற்களிலேயே வந்தது. இரவு அழைப்புகளால் சலித்துப்போன பில்லிங் பொறுப்பாளர் முதலில் கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் வழிமொழிந்தார். சோர்ஸ் கட்டத்தில் இப்போது அந்த இரண்டு பதவிகளும் இருக்கின்றன, டெஸ்ட் கேஸ்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன, எந்தத் தணிக்கையிலும் அந்த வரி நிற்கும். வாக்கைக் காப்பாற்றியதால்தான் இது அவருக்குப் பாதகம் இல்லாமல் முடிந்தது என்று ஒரு நேரம் நினைக்கிறேன். பொறுப்பாளரின் தூக்கம் கெட்டதால்தான் வந்தது, என் மௌனத்துக்கு இதில் பங்கில்லை என்று இன்னொரு நேரம் நினைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த அனலிஸ்ட்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கும்போது, யார் சொன்னார்களோ அவர்களை எழுதுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.