கீழ் மவுண்டிங்கை மட்டும் மாற்றியிருந்தால் போதும்

என்னுடைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட 2004-ஆம் ஆண்டு வண்டி. கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு அதற்கு உதிரிபாகம் தேடுவதே பாதி வேலை. சென்ற ஆண்டு கோபாலபுரம், பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் போனபோது, ஆழியாறுக்கு மேல் உள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அதன் நோய் வெளிப்பட்டது. நிதானமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது; வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு விரைவாக மாற்றினால் மட்டும் லீவர் ஒரு கணம் மறுத்து நின்றது, கிளட்சை விட்டதும் காலடியில் 'டொக்' என்று ஓர் அடி விழுந்தது.

கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுசேர்க்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு எங்கள் ஊர் மெக்கானிக் ஆசானிடம் போனேன். "கியர்பாக்ஸை இப்பத் தொடாதீங்க தம்பி, மொதல்ல எஞ்சின் எவ்வளவு ஆடுதுன்னு பாப்போம்" என்றார். பானட்டைத் திறந்து, என்னைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, பிரேக்கை மிதித்தபடியே முதல் கியரில் கிளட்சைச் சற்றே விட்டார். எஞ்சின் இரண்டு விரற்கடைக்குக் குறையாமல் பின்னால் சாய்ந்து, கிளட்சை மிதித்ததும் தொப்பென்று திரும்பி விழுந்தது.

இந்த வண்டியில் குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக மூன்று இடங்களில் பிணைந்திருக்கின்றன. பிணைப்பது மவுண்டிங் எனப்படும் ரப்பர் வைத்த தாங்கிகள். மேலே வலப்புறமும் இடப்புறமும் உள்ள இரண்டு மவுண்டிங்குகள் எடையைச் சுமக்கின்றன. கீழே சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டத்தோடு சேரும் மூன்றாவது, நாய் கடிக்கும் எலும்பு போன்றது, ஆட்டத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. எஞ்சினின் முறுக்குவிசை முதல் கியரில் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது என்பதால், அதன் எதிர்விசை முழுவதும் இந்த ரப்பர்களின் தலையில்தான் விழுகிறது. ரப்பர் கிழிந்தால் கட்டு சாய்கிறது. காருடலில் இருக்கும் லீவருக்கும் சாய்ந்துவிட்ட கியர்பாக்ஸுக்கும் இடையே செல்லும் கேபிள்களின் வளைவு அந்த நேரத்தில் மாறிவிடுவதால், கை தள்ளும் தூரம் முழுமையாகப் போய்ச் சேருவதில்லை.

இங்கேதான் எனக்கு ஆசை மிஞ்சியது. ஆசான் கீழ் மவுண்டிங்கை மட்டும் மாற்றச் சொன்னார். நானோ மூன்றுக்கும் ரப்பருக்குப் பதிலாக, ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 80 கொண்ட, ரப்பரைவிட விறைப்பான பாலியூரித்தேன் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்திலேயே, கட்டையை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிப் பூட்டிவிட்டேன். கழற்றிய கீழ் மவுண்டிங்கின் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து, கைவிரலால் திருப்பினாலே சுழன்றது.

கியர் கத்தி போல விழுந்தது உண்மை. ஆனால் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று என்றால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு முப்பது வெடிப்பு. அத்தனையும் இருக்கைக்கு வந்தன. ஏசியைப் போட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் விளக்கு இரண்டு நான்காகத் தெரிந்தது. பின்சீட்டில் இருந்த அம்மா, "மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார்.

ஆசான் ஜாக்கியில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். எஞ்சின் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நான் போல்ட்டுகளை முடுக்கிவிட்டதால், மவுண்டிங்குகள் எப்போதும் ஒரு பக்கமாக முறுகி நின்றன. எல்லாவற்றையும் தளர்த்தி, எஞ்சினைக் கையால் ஆட்டி அதன் இயல்பான இருப்புக்கு விட்டு, புதிய போல்ட்டுகள் போட்டார். இவை ஒருமுறை நீண்டு இறுகும் வகை, பழையவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சில் உரிய அளவுக்கு இறுக்கிய பின் கால் சுற்று கூடுதலாகத் திருப்பினார். நடுக்கத்தில் பாதி அன்றே போயிற்று.

மீதிப் பாதியும் போக, மேலே உள்ள வல, இட மவுண்டிங்குகள் இரண்டிலும் கம்பெனி வகை ரப்பரையே புதிதாகப் போட்டேன். இரண்டு செலவும் என் தலையில். கீழே மட்டும் பாலியூரித்தேன் இருக்கிறது. ஐடிலில் லேசான முணுமுணுப்பு உண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதுவும் சற்று அடங்கியது. மீண்டும் வால்பாறை ஏறியபோது மூன்றாம் கியர் ஒரு வளைவிலும் மறுக்கவில்லை. கியர்பாக்ஸை இன்றுவரை இறக்கவில்லை.